வீட்டோடு ஒரு சர்வர்

சர்வர் என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறார்? 1964-ல் வந்த ‘சர்வர் சுந்தரம்’ நாகேஷ்தானே! கம்ப்யூட்டர் சர்வருக்கும் அதே உத்தியோகம்தான். கேட்டதை எடுத்துவந்து கொடுக்க வேண்டும்.

கம்ப்யூட்டருக்கு முன்னால் அந்த வேலையை வீடுகள் செய்தன. மயிலாடுதுறைக்கு வாருங்கள். மாயூரம் என்றிருந்த இந்த ஊருக்குத்தான் 1871-ல் உ.வே.சாமிநாதையர், மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்க வந்து சேர்ந்தார். ஏடு யார் வீட்டில் இருக்கிறது என்று விசாரித்து, இரவல் வாங்கிப் பிரதி எடுக்க வேண்டிய காலம். பின்னாளில் ஏடு தேடி ஐயர் கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்குப் போனார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் போட்டாகிவிட்டது என்றார்கள். வேறு பிரதி இல்லையென்றால், ஏட்டோடு நூலும் போச்சு!

ஒரேயொரு இடத்தில் இருக்கும் எதற்கும் இதே ஆபத்துதான். 1990 கடைசியில், ஜெனீவாவின் செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ வைத்திருந்த நெக்ஸ்ட் கம்ப்யூட்டர்தான் உலகின் முதல் வெப் சர்வர். ‘இது சர்வர், அணைக்காதீர்கள்’ என்று சிவப்பு மையில் எழுதி அதன்மேல் ஒட்டியிருந்தார். யாராவது சுவிட்சைத் தட்டினால் மொத்த வெப்பும் காலி!

பிறகு ஜியோசிட்டிஸ் போன்றவை இலவசமாக இடம் கொடுத்தன. ஜனங்கள் குடியேறினார்கள். 1999-ல் அதை வாங்கிய யாஹூ, 2009-ல் அமெரிக்காவில் இழுத்து மூடியது. அடுத்தவர் வீடு என்றால் அப்படித்தான்.

சொந்த வீடு வேண்டுமா? 2012-ல் ராஸ்பெரி பை வந்தது. ஏடிஎம் கார்டு அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர், விலை 35 டாலர். அதில் லினக்ஸை ஏற்றி, ஹார்ட் டிஸ்க்கைச் சொருகி, ரௌட்டரோடு இணைத்து, சாம்பா மென்பொருளைப் போட்டால் ஆச்சு. லினக்ஸும் சாம்பாவும் இலவசம்தான். கல்யாண போட்டோ, பத்திர நகல், தாத்தாவின் டைரி எல்லாவற்றையும் வீட்டிலிருக்கும் செல்போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் பரிமாறும். இன்டர்நெட் அறுந்தாலும் வீட்டுக்குள் ஓடும். கரண்ட் போனால்தான் படுத்துவிடும். ஆகவே சின்னதாக ஒரு யுபிஎஸ் அவசியம்.

அத்தோடு நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள். புயலும் வெள்ளமும் வந்துபோகிற டெல்டா இது. ஒரு பிரதி மாயவரத்தில் இருந்தால், இன்னொன்று சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளை வீட்டில் இருக்கட்டும். 1887-ல் ஐயர் சீவக சிந்தாமணியை அச்சேற்றியது, பல இடங்களில் தேடிச் சேர்த்த ஏடுகளை ஒப்பிட்டுத்தான். ஒரே வீட்டில் மட்டும் அது இருந்து, அங்கேயும் ஓமம் நடந்திருந்தால்? நினைத்தாலே பகீர் என்கிறது, இல்லையா?