அமெரிக்கா விடுதலை பெற்றது, புதுச்சேரி மதிலை இழந்தது

நம் ஊரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டிகள் 1761-ஐத் தவறாமல் சொல்கிறார்கள். லாலி சரணடைந்தது, ஆங்கிலேயர் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கியது எல்லாம் வந்துவிடும். 1778-ஐப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அந்த வருஷம் புதுச்சேரி சுமார் பத்து வாரம் முற்றுகையில் கிடந்தது. அதற்கு இங்கே இருந்தவர்கள் யாரும் காரணமில்லை. காரணம் அமெரிக்கா.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். லஃபாயெத், ரோஷாம்போ, யார்க்டவுன் எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். அமெரிக்கர்களுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்ததே பிரான்ஸ்தான் என்று எங்கள் முசியே மார்தட்டிச் சொல்வார். அந்தச் செலவில் ஒரு பங்கு நம் ஊர் தலையில் விழுந்ததைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் ஒரு வரி கிடையாது.

எல்லாம் தேயிலையில் ஆரம்பித்தது. கிழக்கிந்தியக் கம்பெனி கடனில் மூழ்கியிருந்த சமயம். விற்காத தேயிலை லண்டன் கிடங்குகளில் மலையாகக் கிடந்தது. அதை அமெரிக்கக் குடியேற்றங்களில் விற்றுத் தீர்க்க ஆங்கிலப் பார்லிமெண்ட் கம்பெனிக்குச் சலுகை கொடுத்தது. 1773 டிசம்பர் 16 இரவு, பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். சென்னைக் கோட்டையில் உட்கார்ந்து நம் பக்கம் அதிகாரம் செலுத்திக்கொண்டிருந்ததும் இதே கம்பெனிதான்!

பிறகு சண்டை மூண்டது. 1777 அக்டோபரில் சரடோகாவில் ஓர் ஆங்கிலப் படை முழுதாகச் சரணடைந்ததும், அமெரிக்கர்கள் ஜெயிப்பார்கள் என்று பிரெஞ்சு மன்னருக்கு நம்பிக்கை வந்தது. 1778 பிப்ரவரி 6-ஆம் தேதி பாரீசில் உடன்படிக்கை கையெழுத்தானது. அன்றைக்கு இங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து கப்பல் வந்து சேர ஆறு மாதம் ஆகும். ஆங்கிலேயர் தரைவழியாக ஆள் அனுப்பிச் செய்தியைச் சீக்கிரம் கொண்டுவந்துவிட்டார்கள். ஜூலையில் சந்திரநாகூர் போயிற்று. ஆகஸ்டில் ஜெனரல் மன்ரோ (ஹெக்டர் மன்ரோ, கலெக்டர் தாமஸ் மன்ரோ வேறு) பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களுடன் நம் ஊர் வாசலில் வந்து நின்றார். ஆகஸ்ட் 10-இல் கடலில் ஒரு சண்டை நடந்தது. அதில் யாருக்கும் வெற்றியில்லை. ஆனால் பிரெஞ்சுத் தளபதி துரோன்ழோலி சில நாளில் கப்பல்களைத் திருப்பிக்கொண்டு மொரீசுக்குப் போய்விட்டார். கவர்னர் பெல்கோம்பைக் கடல் பக்கமும் காக்க ஆளில்லாமல் விட்டுப் போன இந்தக் காரியத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. பெல்கோம்பு அக்டோபர் 18 வரை தாக்குப்பிடித்தார். இரண்டு பக்கமும் துப்பாக்கி பிடித்தவர்களில் பெரும்பாலோர் நம் சிப்பாய்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

பிறகு ஆங்கிலேயர் மதில்களை இடித்தார்கள். ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பி, வீடுகளைத் திரும்பக் கட்ட ஆரம்பித்து 13 வருஷம்தான் ஆகியிருந்தது.

விஷயம் அதோடு முடியவில்லை. 1779 மார்ச்சில் மாஹேயையும் எடுத்துக்கொண்டார்கள். ஹைதர் அலிக்கு ஆயுதம் வந்து இறங்கும் துறைமுகம் அது. கோபம் கொண்ட ஹைதர் 1780-இல் கர்நாடகப் பகுதிக்குள் இறங்கினார். காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூரில் கம்பெனிப் படை அழிந்தது. வழியெல்லாம் கிராமங்கள் எரிந்தன, பஞ்சம் வந்தது. பாஸ்டனில் தேயிலை கொட்டியவர்களுக்கு ஆற்காட்டுச் சீமை எந்தத் திசை என்று கூடத் தெரிந்திருக்காது. ஹைதர் பெயர் மட்டும் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. 1782 ஏப்ரலில் டெலவேர் விரிகுடாவில் ஓர் ஆங்கிலக் கப்பலைப் பிடித்த பென்சில்வேனியாக் கப்பலின் பெயர் ‘ஹைதர் அலி’.

யார்க்டவுனில் கார்ன்வாலிஸ் 1781 அக்டோபர் 19-இல் சரணடைந்தார். அமெரிக்காவில் பெரிய சண்டை அதோடு ஓய்ந்தது. நம் கரையில் ஓயவில்லை. அட்மிரல் சுஃப்ரேன் வந்து சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை என்று வரிசையாகக் கடற்சண்டை போட்டார். 1783 ஜூனில் கடலூர் கோட்டைக்குள் பூஸி, வெளியே ஜெனரல் ஸ்டூவர்ட். ஜூன் 13-இல் தரையில் கடும் சண்டை நடந்தது. ஜூன் 20-இல் சுஃப்ரேன் 15 கப்பல்களோடு ஆங்கிலேயரின் 18 கப்பல்களை எதிர்த்து விரட்டினார். மாத முடிவில்தான் சமாதானச் செய்தி வந்தது. இங்கிலாந்தும் பிரான்சும் ஜனவரி 20-ஆம் தேதியே முன்உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டிருந்தன. ஐந்து மாதத்துக்கு முன்பே முடிந்துபோன சண்டையில் கடலூரில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். அமெரிக்க விடுதலைப் போரின் கடைசிச் சண்டை என்று பல வரலாற்றாசிரியர்கள் குறிப்பது இதைத்தான்.

புதுச்சேரி 1785-இல் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பி வந்தது. 1793-இல் மறுபடி போனது தனிக்கதை.

இந்தக் காலத்தை நம் ஊர்க்காரர் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் இரண்டாம் வீராநாயக்கர் நாட்குறிப்பைத் தேடிப் படிக்கலாம். 1778 முதல் 1792 வரை தமிழிலேயே எழுதியிருக்கிறார். ஆனந்தரங்கப் பிள்ளைக்குக் கிடைத்த பேர் பாவம் இவருக்குக் கிடைக்கவில்லை.

சுஃப்ரேன் வீதியில் இப்போது அமெரிக்கப் பயணிகளும் படம் எடுத்துக்கொண்டு நடக்கிறார்கள். பெயர்ப்பலகை அருகே நிறுத்தி, இவர் யாருடைய சண்டைக்காக இந்தக் கடலுக்கு வந்தார் என்று நம் வழிகாட்டிகள் இரண்டு நிமிஷம் சொல்லலாம். அப்படியே புல்வார் பக்கம் கூட்டிப்போய், மதில் நின்ற இடம் இதுதான் என்றும் காட்டலாம்.