ஒரே கணக்கு, ரெண்டு குணம்

தென்காசியிலிருந்து செங்கோட்டை, ஆரியங்காவு வழியா புனலூர் பக்கம் பஸ்ல போனவங்க பார்த்திருப்பீங்க, இடுப்புல சிரட்டையைக் கட்டிக்கிட்டு நிக்கிற ரப்பர் மரங்களை. பூர்வீகம் பிரேசில். 1876-ல் ஹென்றி விக்காம் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். முளைத்த கன்றுகள் அதே வருஷம் இலங்கைக்கு வந்தன.

சரி, அந்தப் பாலுக்குள்ள என்னதான் இருக்கு? மைக்கேல் ஃபாரடே 1826-லேயே கணக்கு போட்டுட்டார்: 5 கார்பனுக்கு 8 ஹைட்ரஜன். ஆனா மலேயா காட்டு மரத்துல கிடைக்கிற கட்டாபெர்ச்சாவுக்கும் அதே கணக்குதான்! ரப்பர் இழுத்தா நீளும்; இது கெட்டி. 1851-ல் ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் போட்ட தந்திக் கேபிளுக்கு உறை இதுதான். எரிச்சு, எடை போட்டுப் பார்த்தா ரெண்டும் ஒண்ணு. வித்தியாசம் எங்கே?

சங்கிலி வளையற விதத்துல. அதைக் காட்டிக் கொடுக்க வெளிச்சம் வேணும். 1928-ல் கல்கத்தாவில் நம்ம திருச்சிக்காரர் சி.வி.ராமன் கண்டது இது: பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் கொஞ்சம் நிறம் மாறி வரும். எவ்வளவு மாறுதுங்கறது மூலக்கூறோட அதிர்வைப் பொறுத்தது. ரப்பரின் கார்பன் இரட்டைப் பிணைப்பு 1665 அலை எண் பக்கம் பளிச்சுனு ஒரு கோடு போடும். சங்கிலி வேற மாதிரி வளைஞ்சா மத்த கோடுகள் இடம் மாறும்.

ஒரு தொல்லை: சாதாரண லேசர் பட்டா ரப்பரில் உள்ள மற்ற பொருட்கள் தானா ஒளிர்ந்து கோடுகளை மறைச்சிடும். 1986 வாக்கில் அகச்சிவப்பு லேசர் கருவிகள் வந்ததும் அது தீர்ந்தது. இப்போ கரைக்காம, எரிக்காம துண்டை அப்படியே வச்சுப் படிக்கலாம். ஃபாரடே இருந்தா பொறாமைப்பட்டிருப்பார் :-)