கோடு வரையப்படாதிருப்பின்...

வினையெச்ச வாய்பாடுகளைத் தொகுத்துரைத்த தொல்காப்பியர் ‘செயின்’ என்பதனையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். இலக்கணம் ஏற்ற அவ்வெச்சத்தை வரலாற்றாசிரியர் பலர் தம் நூல்களுள் நுழைய விடுவதில்லை. நடந்ததை உரைப்பதே வரலாறு. நடந்திருக்கக் கூடியதை உரைப்பது கற்பனை என்பது அவர்தம் கொள்கை. ஆயினும், அரைமணிப் பொழுதில் எடுக்கப்பட்ட ஒரு முடிவை, வேறொரு முடிவு எத்துணை அருகில் நின்றது என வினவாமல் எங்ஙனம் அளப்பது? கொரியாவைப் பிளந்த கோடு அத்தகையது.

1945 ஆகஸ்டு 10ஆம் நாள் நள்ளிரவையொட்டி, வாஷிங்டனில் டீன் ரஸ்க், சார்லஸ் போன்ஸ்டீல் என்னும் இரு கர்னல்கள் பக்கத்து அறைக்கு அனுப்பப்பட்டனர். எந்தக் கோட்டுக்கு வடக்கே உள்ள ஜப்பானியப் படைகள் சோவியத்திடமும், தெற்கே உள்ளவை அமெரிக்காவிடமும் சரணடைய வேண்டும் என வரையறுப்பதே அவர்களுக்கு இடப்பட்ட பணி. இருவரும் கொரியாவை அறிந்தவரல்லர். கையில் கிடைத்தது நேஷனல் ஜியாக்ரஃபிக் நிலப்படம் ஒன்றே. தலைநகர் சியோல் தம் பக்கம் அமைய வேண்டும் என்னும் கருத்தில் 38ஆம் அட்சக்கோட்டைத் தேர்ந்தனர். 1910 முதல் ஜப்பானிய ஆட்சியில் அல்லலுற்ற மக்களை எவரும் கேட்டிலர்.

அக்கோடு 12 ஆறுகளையும் 6 இருப்புப்பாதைகளையும் வெட்டிச் சென்றது. ஓங்ஜின் தீபகற்பம் தெற்குக்கு உரியதாயிற்று; ஆனால் அங்குத் தரைவழியே செல்ல வடக்கைக் கடக்க வேண்டும். கோடு கவிதையையும் வெட்டியது என்பதை நம் வட்டத்துக் கவிஞர்கள் கருதுதல் வேண்டும். விடுதலைக்கு ஆறு திங்கள் முன்னர் ஃபுகுவோகா சிறையில் மாண்ட இளங்கவிஞர் யுன் டோங்-ஜுவின் பாடல்கள் 1948இல் சியோலில் நூலாயின. அதற்கு முன்னுரை எழுதிய பெருங்கவிஞர் சோங் ஜி-யோங் 1950ஆம் ஆண்டுப் போரில் வடபுலத்தில் மறைந்துபோனார். அதனாலேயே அவருடைய படைப்புகள் தெற்கில் 1988 வரை தடைப்பட்டுக் கிடந்தன.

இனி, ‘செயின்’ என்பதற்கு வருவோம். கோடே வரையப்படாதிருப்பின் என்னாகியிருக்கும்? சோவியத் படை ஆகஸ்டு நடுவிலேயே கொரிய மண்ணில் இருந்தது. அமெரிக்கரின் அண்மைப் படையோ ஏறத்தாழ 1000 கிலோமீட்டருக்கு அப்பால் ஒகினாவாவில் நின்றது. இன்சோனில் அது கரையிறங்கியது செப்டம்பர் 8ஆம் நாளே. எனவே தீபகற்பம் முழுதும் ஸ்டாலின் கைக்குச் சென்றிருத்தல் கூடும். நாடு பிளவுபடாது, 1950ஆம் ஆண்டுப் போரும் நேராதிருக்கலாம். ஆனால் இன்றைய தென்கொரியர் நுகரும் உரிமைகளும் இரா. கோட்டை வடக்கே நகர்த்தியிருந்தால் ஸ்டாலின் இசைந்திருப்பாரா என்பது வெறும் சூதாட்டக் கேள்வி. அதில் எனக்கு ஆர்வமில்லை.

என் நெஞ்சை உறுத்துவது மூன்றாம் வழி. ஆகஸ்டு 15ஆம் நாளே யோ உன்-ஹியோங் என்னும் தலைவர் அரசமைப்பு ஆயத்தக் குழுவொன்றை அமைத்தார். ஊர்தோறும் மக்கட் குழுக்கள் எழுந்தன. செப்டம்பர் 6இல் குடியரசும் அறிவிக்கப்பட்டது. இரு நாள் கழித்து வந்திறங்கிய தளபதி ஹாட்ஜ் அதனை ஏற்க மறுத்தார். மாறாக, ஜப்பானிய ஆளுநரையே சில நாள் பதவியில் நீடிக்கச் செய்தார்! மக்கள் கொதித்தெழவே அவர் நீக்கப்பட்டார்.

ஆஸ்திரியாவை நோக்குக. அதுவும் 1945இல் துண்டாடப்பட்டது. இரண்டல்ல, நான்கு வல்லரசுகளின் பகுதிகளாக. ஆனால் சோவியத்தின் இசைவோடு ஏப்ரலில் அமைந்த ரென்னரின் இடைக்கால அரசை, ஐயத்தோடேனும், மேலை நாடுகள் அக்டோபரில் ஏற்றன. ஒரே அரசு நிலைத்தது; 1955இல் அயற்படைகள் வெளியேறின. ஆகவே கோடு மட்டுமே நாட்டைப் பிளப்பதில்லை; கோட்டின் இருபுறமும் ஓரரசு இருக்க விடாமையே பிளக்கிறது. ஹாட்ஜ் யோவின் குழுவோடு அமர்ந்து பேசியிருப்பின், வடக்கிலும் பரவியிருந்த அக்குழுக்களைக் கொண்டு ஒரு பொது அரசுக்கு வித்திட்டிருக்கலாம் என்றே நான் கருதுகிறேன்.

இதற்கு மறுப்பும் உண்டு. கொரியா ஆஸ்திரியா அன்று. நிலக்கிழாருக்கும் குத்தகை உழவருக்கும் இடையிலான பகை அங்கு ஆழமானது. அக்குழுவினுள்ளும் பொதுவுடைமையர் கை ஓங்கி வந்தது. வடக்கில் சோவியத் தன் ஆளை வளர்த்திராது என்பதற்கும் உறுதியில்லை. இம்மறுப்பு வலியதே. எனினும் முயலப்படாத வழியைத் தோற்ற வழியென எண்ணுதல் முறையன்று.

இடதும் வலதும் இணைய இறுதிவரை உழைத்த யோ, 1947 சூலை 19இல் சியோல் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். மறு ஆண்டு மே திங்களில் தெற்கில் மட்டும் தேர்தல் நடந்தது. அதே திங்களில் வடக்கு, தெற்குக்கான மின்சாரத்தைத் துண்டித்தது. டீன் ரஸ்க் 1961இல் அமெரிக்க வெளியுறவுச் செயலரானார். போன்ஸ்டீல் 1966இல் ஐக்கிய நாடுகள் படைத்தலைவராகக் கொரியாவுக்கே வந்து, தாம் இட்ட கோட்டையொட்டி அமைந்த போர்நிறுத்த எல்லையை 1969 வரை காவல் புரிந்தார்.