தகப்பன் ஒரு களை

ரொட்டி, பரோட்டா, பிஸ்கட் என்று நாம் தின்னும் கோதுமைக்குத் தாய் ஒரு பயிர், தகப்பன் ஒரு களை.

தாய், எம்மர் கோதுமை. நம் கடைகளில் சம்பா கோதுமை என்று விற்கிறார்களே, அந்த இனம். தகப்பன், ஈஜிலாப்ஸ் டாவ்ஷி என்ற காட்டுப்புல். சுமார் 8,000 முதல் 10,000 ஆண்டுகளுக்கு முன்பு, காஸ்பியன் கடலுக்குத் தென்மேற்கே ஏதோ ஒரு வயலில் இரண்டும் தற்செயலாகக் கலந்தன. விதைத்தவருக்கே தெரிந்திருக்காது.

சிக்கல் அங்கேயே ஆரம்பித்துவிட்டது. கலப்பு நடந்தது மிகச் சில செடிகளில்தான். அதனால் தகப்பன் வழிச் சொத்து கோதுமைக்குக் கொஞ்சமாகவே கிடைத்தது. மழை பொய்த்த மேட்டிலும் உப்பு மண்ணிலும் பிழைக்கக் கற்ற அந்தப் புல்லின் மற்ற சொந்தங்கள் வெளியிலேயே நின்றுவிட்டன. விவசாயி பருத்த மணியை எடுத்து வைத்தார், புல்லைப் பிடுங்கி எறிந்தார். அவரைக் குறை சொல்ல முடியுமா என்ன? வீட்டில் பசி.

அப்படிப் பிடுங்கி எறிந்ததன் மதிப்பை உணர்ந்து, உலகம் முழுக்க அலைந்து விதை சேர்த்தவர் ரஷ்யரான நிகோலாய் வாவிலோவ். பயிர்களையும் அவற்றின் காட்டு உறவுகளையும் லெனின்கிராடில் குவித்தார். ஸ்டாலின் அரசு 1940-ல் அவரைக் கைது செய்தது. 1943 ஜனவரியில் சரதோவ் சிறையில், பட்டினியால் நலிந்து இறந்தார். அதே காலத்தில் ஜெர்மன் படை லெனின்கிராடை முற்றுகையிட்டிருந்தது. அவருடைய நிறுவனத்து ஊழியர்கள் பலர் பசியால் செத்தார்கள். சுற்றிலும் நெல்லும் கோதுமையும் மூட்டையாக இருந்தன. விதை என்பதால் அதில் கை வைக்கவில்லை.

வாவிலோவ் இறந்த மறுவருடம், 1944-ல், ஜப்பானில் ஹிதோஷி கிஹாராவும் அமெரிக்காவில் மெக்ஃபேடன், சியர்ஸ் இருவரும் கோதுமையின் தகப்பனை அடையாளம் கண்டார்கள். இரண்டு நாடுகளும் ஒன்றையொன்று குண்டு போட்டுக்கொண்டிருந்தபோது தனித்தனியாகக் கிடைத்த ஒரே விடை!

தகப்பன் யாரென்று தெரிந்தால் அந்தக் கலப்பைத் திரும்பச் செய்யலாம்தானே? செய்தார்கள். நான்கு தொகுதிக் குரோமோசோம் கொண்ட கோதுமையில் காட்டுப்புல்லின் மகரந்தத்தைச் சேர்த்தால் பிறப்பது மலட்டுச் செடி. கோல்சிசின் என்ற வேதிப்பொருளைக் கொண்டு அதன் 21 குரோமோசோம்களை 42 ஆக்கினால் விதை பிடிக்கும். மெக்சிகோவின் சிம்மிட் நிலையம் 1980களிலிருந்து இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோதுமைகளை உருவாக்கியது. இவற்றை நேரே வயலில் போட முடியாது. கதிரடிப்பதே பெரும்பாடு. நல்ல ரகங்களோடு மறுபடி மறுபடி கலந்து, வருடக்கணக்கில் பொறுக்கியெடுக்க வேண்டும். அப்படி வந்த சில வழிகள், வறட்சியில் வேரை ஆழத்துக்கு அனுப்பி அடிமண் ஈரத்தை உறிஞ்சின.

இதற்கெல்லாம் மூலதனம் காட்டுப்புல்லின் விதை. அதில் பெரியதொரு சேமிப்பு, வறண்ட நிலப் பயிர்களுக்காக 1977-ல் தொடங்கிய இக்கார்டா நிறுவனத்திடம், சிரியாவின் அலெப்போவுக்கு அருகில் இருந்தது. உள்நாட்டுப் போர் நெருங்கியபோதும் ஊழியர்கள் விதைகளின் நகல்களை வெளியே அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். பெரும்பகுதி நார்வேயின் ஸ்வால்பார்ட் பனிப் பெட்டகத்துக்குப் போனது. அலெப்போ கிடங்கு கைவிட்டுப் போனதும், 2015-ல் அந்தப் பெட்டகத்திலிருந்து முதன்முறையாக விதை வெளியே எடுக்கப்பட்டது. லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கி, 2017-ல் ஒரு பங்கைத் திருப்பியும் வைத்தார்கள். வாங்கிய கடனை அடைத்த மாதிரி.

இக்கார்டாவின் 'ஜபல்' என்ற டூரம் கோதுமை இன்று மொராக்கோவில் இருக்கிறது. அரபியில் ஜபல் என்றால் மலை. சிரியாவின் வறண்ட நிலத்து ஈஜிலாப்ஸ் புல்லொன்றின் ரத்தம் அதில் ஓடுகிறது. மழை கைவிட்ட பருவத்தில் பக்கத்து ரகங்கள் காய்ந்தபோது, இது மணி பிடித்து நின்றது.

ஆனால் எந்தப் புல்லில் எந்தக் குணம் ஒளிந்திருக்கிறது என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. தேவை வரும்போதுதான் தேடுவோம். அந்தப் புல் வளரும் சரிவுகளில் ஆடு மேய்கிறது, டிராக்டர் ஓடுகிறது, வீடு எழும்புகிறது. எடுத்து வைக்காத விதை அழிந்தால், இன்னதை இழந்தோம் என்று சொல்லவும் நமக்கு ஒரு பெயர் இருக்காது.