வைக்கோல் பிரியிலிருந்து வலை வரைக்கும்: ஒரு கட்டின் வரலாறு

சம்பா அறுப்பு முடிந்த கையோடு குமராட்சிக்குப் போயிருந்தேன். பெரியப்பா கொட்டகையில் உட்கார்ந்து, மெஷின் கட்டிப் போட்ட வைக்கோல் உருளை ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கமாக அரிவாளை வைத்து இழுத்தார். சுற்றியிருந்த நீலக் கயிறு துண்டு துண்டாக வந்தது. ஒவ்வொன்றையும் எண்ணி ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் போட்டார்.

"எதுக்குப் பெரியப்பா எண்ணுறீங்க?"

"எத்தனை சுத்தோ அத்தனை துண்டு வரணும்டா. ஒண்ணு கொறஞ்சாலும் அது வைக்கலோட உள்ள போயிடும்."

முந்தின வருஷம் அவருடைய மாடு ஒன்று தீனி எடுக்காமல், வயிறு உப்பிச் செத்துப்போனது. அறுத்துப் பார்த்தபோது கிடைத்தது, கைப்பிடி அளவுக்குச் சுருண்டு கிடந்த பிளாஸ்டிக் கயிறு. அன்றிலிருந்து இந்த எண்ணிக்கை.

வைக்கோல் கட்டும் இயந்திரங்களின் காப்புரிமை ஆவணங்களைக் கொஞ்ச நாளாகவே படித்து வருகிறேன். சர்வதேச வகைப்பாட்டில் உருளைக் கட்டு இயந்திரங்களுக்கென்றே ஒரு தனி அறை உண்டு: ஏ01எஃப் 15/07. கயிற்றை எப்படி ஊட்டுவது, வலையை எப்படிப் பிடித்து இழுப்பது, எங்கே வெட்டுவது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். பெரியப்பாவின் டப்பாவைப் பார்த்தபிறகு அந்த ஆவணங்களை வேறு கண்ணோடு படிக்க ஆரம்பித்தேன். அதன் குறிப்புதான் இது.

முதலில் நம்மூர்க் கட்டு. கையறுப்புக் காலத்தில் அரி அரியாகப் போட்ட கதிரைக் கட்டக் கடையில் கயிறு வாங்கியதில்லை. ஒரு கை வைக்கோலை எடுத்து முறுக்கினால் பிரி. அதைச் சுற்றி, இரண்டு நுனியையும் சேர்த்து முறுக்கி உள்ளே செருகிவிட்டால் கட்டு நிற்கும். முடிச்சே கிடையாது. களத்தில் பிரியை உருவினால் அதுவும் வைக்கோல்தான், மாடு அதையும் தின்றுவிடும். கட்டுகிற பொருளும் கட்டப்படுகிற பொருளும் ஒன்றாகவே இருந்த காலம் அது.

இதை இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்க முயன்றவர்கள் அமெரிக்கர்கள். அங்கே காப்புரிமை விண்ணப்பங்களைப் பரிசோதகர்கள் படித்துப் பார்த்து முடிவு செய்யும் முறை 1836 சட்டத்தோடு உறுதியானது. (நம்ம பக்கத்துக்குத் தண்ணீர் தரும் கீழணையை ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் கட்டியதும் அதே வருஷம்தான்.) 1864இல் இல்லினாய் மாநிலத்து ஜேக்கப் பெஹல் முடிச்சுப் போடும் ஒரு கொக்கிக்குக் காப்புரிமை வாங்கினார். பறவை அலகு மாதிரி இருக்கும். ஒரு சுற்று சுற்றும்போது கயிறு அலகின்மேல் வளையமாக விழும். அலகு திறந்து நுனிகளைக் கவ்வும். வளையம் அதன்மேல் வழுக்கி இறங்கியதும் முடிச்சு விழுந்துவிடும்.

ஆனால் 1870களில் சந்தைக்கு வந்து விற்றவை கம்பியால் கட்டும் இயந்திரங்கள். கம்பியை முறுக்கினால் போதும், முடிச்சுப் போட வேண்டாம், வேலை சுலபம். அவற்றுக்கும் முறைப்படி காப்புரிமை கிடைத்தது. பரிசோதகர் பார்த்த அளவில் எல்லாம் சரிதான். சிக்கல் பிறகு வந்தது. வெட்டிப்போட்ட கம்பித் துண்டுகள் வைக்கோலோடு மாட்டு வயிற்றுக்குப் போயின. தானியத்தோடு மாவு மில்லுக்கும் போயின. விவசாயிகளும் மில்காரர்களும் கூச்சல் போட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் விஸ்கான்சின் மாநிலத்து ஜான் ஆப்பிள்பி கயிற்றில் முடிச்சுப் போடும் இயந்திரத்தை ஒழுங்காக வேலை செய்ய வைத்து, 1878-79இல் காப்புரிமைகள் பெற்றார். வில்லியம் டீரிங் 1880இல் அப்படிப்பட்ட 3,000 இயந்திரங்களைச் செய்து விற்றார். சில வருஷங்களில் கம்பி ஒதுங்கிவிட்டது. காப்புரிமை அலுவலகம் ஏற்றுக்கொண்டதை மாட்டு வயிறு நிராகரித்த கதை இது.

நம்ம வயலுக்கு வரும் சின்ன மெஷின் வேறு வம்சம். நெப்ராஸ்காவின் உம்மோ லூபன் 1910இல் உருளைக் கட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த உரிமையை வாங்கிய அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் 1947இல் இயந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆளுயரப் பெரிய உருளைகள் 1970களின் தொடக்கத்தில் வெர்மீர் நிறுவனத்தோடு வந்தன.

உருளை இயந்திரத்தில் வேடிக்கை என்னவென்றால், கயிற்றுக்கு முடிச்சே கிடையாது. உள்ளே உருளை சுழன்றுகொண்டிருக்கும்போது கயிற்று நுனியை விட்டால் வைக்கோலோடு சேர்ந்து மாட்டிக்கொள்ளும். ஒரு கை அதை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு மெதுவாக நகர்த்தும். கடைசியில் கத்தி வெட்டும். இறுக்கமும் உராய்வும்தான் கட்டைப் பிடித்து நிறுத்துகின்றன. நம்ம பிரி மாதிரியே! வலை வந்தபோது வேலை இன்னும் குறைந்தது. கயிறு பல சுற்று சுற்ற வேண்டிய இடத்தில் வலை இரண்டு மூன்று சுற்றில் முடித்துவிடும். ஆனால் அந்த வலை முழுக்கப் பிளாஸ்டிக்.

சரி, இப்படி ஒரு சுற்றும் அமைப்பை இன்று சென்னை கிண்டியில் இருக்கும் காப்புரிமை அலுவலகத்தில் கொடுத்தால் என்ன கேட்பார்கள்? இது புதிதா? இந்தத் தொழில் தெரிந்தவருக்குச் சட்டென்று தோன்றிவிடக்கூடியதா? தொழிலில் பயன்படுமா? இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. இந்தியாவின் முதல் சட்டம் 1856இல் வந்தது. முதல் விண்ணப்பம் கல்கத்தாவின் டி பென்னிங் கொடுத்த பங்கா இழுக்கும் இயந்திரம். பிறகு 1911 சட்டம். அந்தச் சட்டம் யாருக்கு உதவியது என்று அலசி 1959இல் அறிக்கை கொடுத்தவர் நீதிபதி என். ராஜகோபால அய்யங்கார். அதன் அடிப்படையில் உருவான 1970 சட்டம் 1972 ஏப்ரல் 20இல் நடைமுறைக்கு வந்தது.

பழைய உறுப்புகளை இடம் மாற்றி வைத்தால் மட்டும் போதாது என்கிறது இந்தச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு. பாத்திரம் கடையும்போது அதைப் பிடித்துக்கொள்ளும் அமைப்பு பற்றிய ஒரு வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது: பட்டறையில் செய்யும் சாதாரண மேம்பாடு கண்டுபிடிப்பாகாது.

மாட்டைப் பற்றிச் சட்டம் பேசவே இல்லையா? பேசுகிறது. மனிதர், விலங்கு, செடிகொடிகளின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ கடும் கேடு செய்யும் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை இல்லை என்று அதே மூன்றாம் பிரிவில் இருக்கிறது. ஆனால் விண்ணப்பத்தில் இருப்பது உருளை, பிரேக், கத்தி. இயந்திரம் மாட்டைக் கொல்வதில்லை. கொல்வது கடையில் தனியாக வாங்கி மாட்டும் கயிறு. அது இரண்டு மேசைகளுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது. பரிசோதகரைக் குற்றம் சொல்ல முடியாது. அவரிடம் கேட்கப்படுவது 'இது புதிதா' என்ற கேள்வி, 'இது நல்லதா' என்பதல்ல.

இன்னொரு பிரிவை நம்ம ஆட்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். காப்புரிமை வழங்கப்படும் முன் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம் என்கிறது 25ஆம் பிரிவு. உள்ளூர்ச் சமூகத்தில் வாய்வழியாக இருக்கும் அறிவையும் அதற்கு ஆதாரமாகக் காட்டலாம். ஒருநாள் யாராவது வைக்கோலை முறுக்கி வைக்கோலையே கட்டும் இயந்திரத்தோடு வந்து, அந்த முறுக்கும் செருகலும் தன்னுடையது என்று சொன்னால், பெரியப்பாவின் கை சாட்சி சொல்லலாம். அதற்காகவே அவர் பிரி முறுக்குவதைப் படிப்படியாகப் படம் எடுத்து, தேதி போட்டு வைத்திருக்கிறேன்.

கிளம்பும்போது சணல் கயிறு போட்டால் என்ன என்று கேட்டேன். "மெஷின்காரன் அத போட மாட்டேங்கிறான். அறுந்து போவுதாம், வெலையும் ஜாஸ்தியாம்" என்றார். அடுத்த அறுப்புக்குச் சணல் உருண்டையை நாமே வாங்கிக் கொடுத்துப் பார்ப்போம் என்று பேசியிருக்கிறோம். அறுந்தால் எத்தனை கட்டுக்கு ஒரு தடவை அறுந்தது என்று இங்கேயே எழுதுகிறேன்.

அதுவரைக்கும் டப்பாவும் எண்ணிக்கையும்தான்.