தந்தையின் மீன் தொட்டியும் மகனின் மண்ணும்



புதிதாக மீன் தொட்டி வாங்கும் வீடுகளில் அடிக்கடி நடப்பது இது. கண்ணாடி பளபளவென்று இருக்கிறது, தண்ணீர் தெளிவாக இருக்கிறது, வேளாவேளைக்குத் தீனியும் போடுகிறார்கள். ஆனாலும் பத்துப் பதினைந்து நாளில் மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கின்றன. குழந்தை அழுகிறது. "நம்ம வீட்டுக்கு மீன் ராசியில்லை" என்று சொல்லி, தொட்டியை மொட்டை மாடிக்கு ஏற்றிவிடுகிறார்கள்.

இதில் ராசிக்கு ஒரு வேலையும் இல்லை. காரணம் தெரியவர அறிவியலுக்கே நாற்பது வருடம் பிடித்தது. அந்தக் கதையில் ஒரு தந்தையும் மகனும் வருகிறார்கள். பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

தங்கமீனை வளர்க்கத் தொடங்கியவர்கள் சீனர்கள். ஏறக்குறைய ஆயிரம் வருடத்துப் பழக்கம் அது. 17ஆம் நூற்றாண்டில் அந்த மீன் ஐரோப்பாவுக்குப் போனது. கண்ணாடிக் குடுவையில் போட்டு வைப்பார்கள். தண்ணீரை அடிக்கடி மாற்றாவிட்டால் மீன் செத்துவிடும். தண்ணீரை மாற்றாமலே மீனை உயிரோடு வைத்திருக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

1770களில் ஜோசப் பிரீஸ்ட்லி, எரியும் மெழுகுவத்தி கெடுத்த காற்றைப் புதினாச் செடி மீட்டுத் தருவதைக் கண்டார். அதற்கு வெளிச்சம் வேண்டும் என்று 1779இல் இங்கன்ஹவுஸ் காட்டினார். நாம் ஹைட்ரில்லாவைப் புனலுக்குள் வைத்து, வெயிலில் காட்டி, குமிழிகளை எண்ணினோமே, அந்தச் சோதனையின் வேர் இதுதான்.

இந்த அறிவை மீன் தொட்டிக்குக் கொண்டுவந்தவர் ராபர்ட் வாரிங்டன். லண்டனில் மருந்தாளர் சங்கத்தின் வேதியியலாளர். 1849இல் அவர் 12 காலன் கொள்ளும் ஒரு கண்ணாடிக் கலத்தை எடுத்துக்கொண்டார். அடியில் மணல், சேறு, சில கற்கள். பாதி அளவுக்குத் தண்ணீர். அதில் இரண்டு சின்னத் தங்கமீன்கள், நாடா போல நீண்ட இலை கொண்ட ஒரு வாலிஸ்நேரியா செடி. மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்ளும், செடி தரும் ஆக்சிஜனை மீன் சுவாசிக்கும் என்பது அவர் கணக்கு.

கணக்கு முதலில் சரியாக வந்தது. பிறகு பழைய இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது, கண்ணாடியில் பச்சைப் பாசி படிந்தது. வாரிங்டன் ஐந்தாறு குளத்து நத்தைகளை உள்ளே விட்டார். நத்தைகள் அழுகியதைத் தின்றன, அவற்றின் முட்டைகளை மீன்கள் தின்றன. தண்ணீர் தெளிந்தது. 1850இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். மீன், செடி, நத்தை மூன்றும் இருந்தால் தொட்டி தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை பரவியது.

காலமும் அதற்கு ஒத்துழைத்தது. இங்கிலாந்தில் கண்ணாடி மீதிருந்த வரி 1845இல் நீங்கியிருந்தது. 1853இல் லண்டன் விலங்குக் காட்சி சாலையில் மீன்களுக்கென்று ஒரு கட்டடம் திறந்தார்கள். மறு வருடம் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய 'தி அக்வேரியம்' என்ற நூல் வெளிவந்தது. நடுத்தரக் குடும்பங்களின் வரவேற்பறைக்கெல்லாம் தொட்டி வந்துவிட்டது. ஆனால் 1860களிலேயே அந்த மோகம் வடிந்தது. எத்தனையோ வீடுகளில் மீன் செத்தது, தண்ணீர் நாறியது. ஆக்சிஜன் கணக்கு சரியாக இருந்தும் ஏன் இப்படி?

கணக்கில் ஒன்று விட்டுப்போயிருந்தது. மீனின் கழிவில் முக்கியமானது அம்மோனியா. பெரும்பகுதி செவுள் வழியாகவே தண்ணீரில் கலக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் ஸ்படிகம் போல இருக்கும்போதே மீனைக் கொன்றுவிடும்.

இங்கேதான் மகன் வருகிறார். அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். 1838இல் பிறந்தவர், தந்தையின் ஆய்வகத்திலேயே வேதியியல் கற்றவர். தந்தை அந்தத் தங்கமீன்களை விட்டபோது அவருக்குப் பத்து, பதினோரு வயதுதான் இருக்கும். 1876இல் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணிக்குச் சேர்ந்தார். அவர் ஆராய்ந்தது மீனை அல்ல, வயல் மண்ணை. உரத்தில் போடும் அம்மோனியா மண்ணில் நைட்ரேட்டாக மாறுவது எப்படி என்பது அவருடைய கேள்வி.

அடுத்த வருடமே பிரான்சில் ஸ்க்லோசிங், மூன்ட்ஸ் என்ற இருவர் ஓர் அருமையான சோதனையை வெளியிட்டார்கள். மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய நீண்ட குழாய் வழியாகச் சாக்கடை நீரை மெதுவாக வடியவிட்டார்கள். இருபது நாள் எந்த மாற்றமும் இல்லை. பிறகு அம்மோனியா மறைந்து நைட்ரேட் வரத் தொடங்கியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் அது நின்றுபோனது. கொஞ்சம் தோட்டத்து மண்ணைக் கரைத்து ஊற்றியதும் மறுபடி தொடங்கியது. ஆக, வேலை செய்வது வெறும் வேதிப்பொருள் அல்ல, உயிர்.

மகன் வாரிங்டன் இதை ராத்தம்ஸ்டெட்டில் உறுதி செய்து மேலே கொண்டுபோனார். அம்மோனியா நைட்ரைட்டாவது ஒரு படி, நைட்ரைட் நைட்ரேட்டாவது அடுத்த படி, இரண்டுக்கும் வேறு வேறு நுண்ணுயிர்கள் என்று காட்டினார். ஆனால் அவற்றைத் தனியே பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை. 1890இல் வினோகிராட்ஸ்கி அதைச் செய்தார். நைட்ரஜன் சுழற்சிப் பாடத்தில் நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்று மனப்பாடம் செய்தீர்களே, அவைதான். மீன் தொட்டியில் இரண்டாம் படியைப் பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா என்ற இன்னொரு வகை செய்கிறது என்பது பின்னாளில் தெரிந்தது.

இப்போது தந்தையின் தொட்டியைத் திரும்பிப் பாருங்கள். அவர் அடியில் போட்ட மணலோடும் சேற்றோடும் இந்த உயிர்களும் வந்திருக்கும். அவர் எழுதி வைத்த பட்டியலில் இல்லாத நான்காவது குடித்தனக்காரர் அவர்கள்தான். கடையிலிருந்து வரும் நம் புதுத் தொட்டியிலோ கண்ணாடியும் கழுவிய கல்லும் மட்டுமே இருக்கின்றன. பாக்டீரியா போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நாம் முதல் நாளே பத்து மீனை விட்டால் என்ன ஆகும்?

ஆகவே முதலில் தொட்டி, மணல், ஸ்பாஞ்ச் ஃபில்டர், செடி. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்துப் பிறகு ஊற்றுங்கள். மீன் இல்லாமலே தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு ஃபில்டரை ஓடவிடுங்கள். நன்றாக ஓடும் தொட்டியிலிருந்து ஒரு பழைய ஸ்பாஞ்ச் கிடைத்தால் வேலை சீக்கிரம் முடியும்; அந்தப் பிரெஞ்சுக்காரர்கள் மண்ணைக் கரைத்து ஊற்றியது போலத்தான். ஒரு மாதம் கழித்து இரண்டு மூன்று மீன் மட்டும் விடுங்கள். பிறகு வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீரை மாற்றினால் போதும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் தேய்த்துக் கழுவாதீர்கள். வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்துவிடுங்கள்.

என்ன மீன் வாங்குவது? முதல் தொட்டிக்கு ஜீப்ரா நல்லது. கம்பெனி காலத்து மருத்துவர் ஃபிரான்சிஸ் ஹாமில்டன் கங்கை மீன்களைப் பற்றிய நூலில் 1822இல் விவரித்த நம் நாட்டு மீன் அது. சிறியது, தாக்குப்பிடிக்கும், கூட்டமாக வாழும். கப்பியும் சரிதான், ஆனால் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். தங்கமீனைச் சின்னக் குடுவையில் போடாதீர்கள். அது கழிவும் அதிகம், ஓர் அடி வரைகூட வளரும்.

கடையில் 'மிஸ் கேரளா' என்று சிவப்புக் கோடு போட்ட அழகான மீனைக் காட்டுவார்கள். 1865இல் ஃபிரான்சிஸ் டே அதை விவரித்து, அப்போதைய மதராஸ் கவர்னர் டெனிசன் பெயரைச் சூட்டினார். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் மட்டுமே வாழ்வது. 1990களின் கடைசியில் வெளிநாட்டுச் சந்தைக்குப் போனதும் ஓடைகளிலிருந்து அள்ளத் தொடங்கினார்கள். இன்று அழிவின் விளிம்பில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. நீளமான தொட்டியும் கூட்டமும் இல்லாமல் அது நன்றாக வாழாது. பண்ணையில் பிறந்ததா, ஓடையில் பிடித்ததா என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

மாடியில் தொட்டி காய்ந்து கிடப்பவர்கள் அதைக் கீழே இறக்குங்கள். நன்றாக ஓடும் தொட்டி வைத்திருப்பவர்கள் எந்த ஊர் என்று கீழே எழுதுங்கள். பக்கத்து ஊர்க்காரருக்கு ஒரு துண்டு பழைய ஸ்பாஞ்ச் கொடுத்து உதவலாம்.