அடித்து எழுதிய சொல்

கிண்டி எஞ்சினீயரிங் கல்லூரியில் 1943-இல் ஏ. லலிதா தேறியபோது அதிகாரிகளுக்கு ஒரு சங்கடம். பட்டச் சான்றிதழில் ஆண்பாற் சொல்தான் அச்சாகியிருந்தது. அதை அடித்துப் பெண்பாலாக எழுதிக் கொடுத்தார்கள்.

லலிதாவுக்குப் பதினைந்து வயதில் மணம், பதினெட்டில் கைம்மை, மடியில் கைக்குழந்தை. மூலையில் உட்கார வேண்டிய பெண் என்று ஊர் சொல்லியிருக்கும். அதே கல்லூரியில் பேராசிரியராயிருந்த தந்தை அவருக்கு இடம் கேட்டார், கிடைத்தது. பின்னர் பீகாரின் ஜமால்பூர் ரயில்வே பட்டறையிலும் ஓராண்டு பயிற்சி பெற்றார். உடன் படித்த பி. கே. த்ரேசியாவோ சாலையும் பாலமும் அமைத்து, 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமை எஞ்சினீயரானார்.

பெண்ணைப் பெற்றவர்களே, திறமைக்கு அன்றும் பஞ்சமில்லை, கேட்பதற்குத்தான் ஆளில்லை. உங்கள் மகள் ரயில் எப்படி ஓடுகிறதென்று கேட்டால், சிரித்து மழுப்பாதீர்கள். பட்டறைக்கே அழைத்துப் போய்க் காட்டுங்கள்.